குவாண்டத்த வச்சு நெல்லையில ஒரு கூத்து போடணும்னா

கேள்வி என்னன்னு முதல்ல சொல்லிருதேன். பாளையங்கோட்டையில நாலஞ்சு காலேஜ் பிள்ளைய சேந்து குவாண்டம் இயற்பியல, அதாவது அணுவும் அதவிடச் சின்ன துகளும் எப்படி நடந்துக்கிடுதுன்னு சொல்லுற அறிவியல, மையமா வச்சு ஒரு இன்ஸ்டலேஷனும், அதே எடத்துல ராத்திரி ஒரு பெர்ஃபார்மன்ஸும் பண்ணப் போறாவளாம். வில்லுப்பாட்டுக் குழு ஒண்ணும் கணியான் கூத்துக் கலைஞர்களும் வாரோம்னு சொல்லிட்டாவளாம், ஆனா ஊர்ல ஒரு பெரியவரு "லைட்டப் போட்டு புகைய விட்டுட்டு குவாண்டம்னு பேரு வச்சா அதுல அறிவியல் எங்கடே இருக்கு"ன்னு கேட்டுட்டாராம். அவரு கேட்டது சரியா, சரின்னா பின்ன எப்படித்தான் பண்ணணும்ங்கறது கேள்வி.

அவரு கேட்டது ரொம்பச் சரி. நான் இயற்பியல் சொல்லிக்குடுக்கிறவன், நாடகக்காரங்களுக்கு லைட்டும் போட்டுக் குடுக்கிறவன், அதனால கொஞ்சம் நீட்டியே பேசுதேன், பொறுமையா வாசிங்க. என் கட்சி இதுதான்: மேடையில நடக்கிற ஏதாவது ஒரு காரியத்த குவாண்டம் நிஜமாவே தீர்மானிக்கணும், ஒண்ணே ஒண்ணு போதும். மத்ததெல்லாம் உவமையா இருக்கலாம், அதுல தப்பே இல்ல, ஆனா உவமைன்னு பக்கத்துலயே ஒரு அட்டையில எழுதி வச்சிருங்க. இத மட்டும் கடைப்பிடிச்சா அந்தப் பெரியவரே முன் வரிசையில வந்து உக்காருவாரு.

வெளியில பண்ணினவங்க எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பாருங்க. ஜூலியன் ஃபாஸ் ஆண்ட்ரியேன்னு ஒரு சிற்பி, அவரு முதல்ல இயற்பியல்காரரு. வியன்னாவுல ஆன்டன் ஸைலிங்கர் குழுவுல இருந்தவரு, 60 கார்பன் அணு சேந்து பந்து மாதிரி இருக்கிற ஃபுல்லரீன் மூலக்கூறு கூட, அலைகள் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கூடியும் கழிஞ்சும் போடுற குறுக்கீட்டுக் கோடு போடும்னு 1999ல நிரூபிச்சாங்கல்லா, அந்தக் கட்டுரையில இவரு பேரும் உண்டு. அவரு 2006ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல மோசஸ் லேக்ங்கற ஊருக்கு ஒரு சிலை செஞ்சு குடுத்தாரு, குவாண்டம் மனிதன்னு பேரு. நடந்து போற ஒரு ஆள், ஆனா உடம்பு முழுக்க மெல்லிசான இரும்புத் தகடுகள வரிசையா இடைவெளி விட்டு நிறுத்தினது. முன்னால நின்னா கெட்டியான ஆளாத் தெரியும், பக்கவாட்டுல போனா தகடோட விளிம்பு மட்டும்தான் கண்ணுக்குப் படும், ஆளே காத்துல கரைஞ்ச மாதிரி ஆயிரும். நல்ல வேலை, நீங்க சுத்தி நடந்தாத்தான் அது முழுசாகும். ஆனாலும் அது உவமைதான். அவரு அந்தச் சோதனையிலயே கைய நனைச்சவரு, எங்க வரைக்கும் உவமை எடுபடும்னு தெரிஞ்சு அங்கனயே நிறுத்தியிருக்காரு, அந்த அடக்கம்தான் எனக்குப் பிடிச்சது. லண்டன்ல தேம்ஸ் ஆத்தோரம் ஆன்டனி கோர்ம்லி வச்சிருக்கிற குவாண்டம் கிளவுட் சுமார் 30 மீட்டர் உயரம், இரும்புக் கம்பித் துண்டுகள தாறுமாறா அடுக்கின மேகத்துக்குள்ள ஒரு மனுஷ உருவம் மங்கலாத் தெரியும், கண்ணுக்கு விருந்துதான், ஆனா உங்களுக்கு அதுல எடுத்துக்க பெருசா ஒண்ணும் இல்ல.

நிகழ்த்துகலையில உங்களுக்குக் கிட்ட வாரது ஜில் ஜோபின் பண்ணினது. சுவிட்சர்லாந்து நடனக்காரரு, ஜெனீவா பக்கத்துல உள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்துல கலைஞர்களத் தங்க வைக்கிற திட்டத்துல போய் இருந்து, 2013ல அங்கயே சிஎம்எஸ்ங்கற துகள் உணர்கருவி இருக்கிற வளாகத்துல ஆறு நடனக்காரங்கள வச்சு ஆடிக் காட்டினாரு. மேல இருந்து தொங்குற விளக்குகள் மோட்டார்ல ஆடும், ஒண்ணுக்கொண்ணு சேரும், பிரியும், அது ஜூலியஸ் ஃபான் பிஸ்மார்க் செஞ்சது. இசை கார்லா ஸ்கலெட்டி, பெரிய துகள் மோதுகலனோட தரவையே ஒலியா மாத்தினாங்க. கவனிச்சுப் பாருங்க, மேடையில ஒருத்தரும் எலக்ட்ரான் வேஷம் போடல. தரவும் விளக்கோட இயக்கமும் ஆட்டக்காரங்களுக்கு ஒரு நிபந்தனையா நின்னுச்சு, அந்த நிபந்தனைக்குள்ள அவங்க ஆடினாங்க. நீங்க பிடிச்சுக்க வேண்டிய நூல் இதுதான்.

இதே செர்ன்லதான் இந்தியா குடுத்த 2 மீட்டர் நடராஜர் சிலையும் 2004ல இருந்து நிக்குது. உடனே யாராவது சொல்லுவாவ, நம்மூர்ல தாமிர சபை இருக்கு, குற்றாலத்துல சித்திர சபை இருக்கு, நடராஜர் ஆடுற அஞ்சு சபையில ரெண்டு நம்ம சீமையிலதான், அப்ப நம்ம முன்னோருக்கு குவாண்டம் தெரியும்னு ஒரு காட்சி வச்சிருவோம்னு. தயவுசெஞ்சு வேண்டாம் தம்பி. சித்திர சபைச் சுவத்துல சாமி ஓவியமாவே நின்னு ஆடுதாரு, அந்த அழகுக்கு எந்த சமன்பாட்டோட சிபாரிசும் தேவையில்ல, சமன்பாட்டுக்கும் சாமியோட சிபாரிசு தேவையில்ல. ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பினா ரெண்டும் கெட்டுப்போவும்.

அடுத்து, நிறைய பேரு செய்யுற ஒரு காட்சியப் பத்தியும் சொல்லிருதேன். பார்வையாளர் உள்ள வந்ததும் சென்சார் வேலை செஞ்சு லைட்டு மாறும், "நீங்க பாத்ததால பிரபஞ்சமே மாறிருச்சு"ன்னு கீழ எழுதியிருக்கும். இது இயற்பியல் சொல்லுறதே கிடையாது. அளவீடுன்னா மனுஷன் கண்ணால பாக்கிறதுன்னு அர்த்தம் இல்ல, துகள் எந்தப் பாதையில போச்சுங்கற தகவல் வெளியுலகத்துல எங்கயாவது பதிஞ்சுட்டாலே போதும். வியன்னா குழுவே 2004ல இத அழகாக் காட்டினாங்க, 70 கார்பன் இருக்கிற ஃபுல்லரீனச் சூடு ஏத்தினாங்க, சூடான மூலக்கூறு தானாவே ஒளிய உமிழும்லா, அந்த ஒளியே பாதையக் காட்டிக் குடுத்துருது, சூடு கூடக் கூடக் குறுக்கீட்டுக் கோடு மங்கி மறைஞ்சே போச்சு. அங்க யாரும் எட்டிப் பாக்கல. மங்குறதுக்கு ஒரு மனசு தேவைப்படலங்கறதுதான் என்னைய ராத்திரி தூங்க விடாத விஷயம், சென்சார் லைட்ட விட ஆயிரம் மடங்கு ஆச்சரியம் இதுல இருக்கு, ஒரு பாட்டே கட்டலாம்.

சரி, நிஜமாவே குவாண்டம் தீர்மானிக்கிற காரியம் எத வைக்கலாம்? கையில காசு அதிகம் இல்லாத பிள்ளையளுக்கு சுலபமான வழி கைகர் கவுண்டர்தான், கதிர் ஒண்ணு உள்ள வந்தா க்ளிக்னு காட்டிக் குடுக்கிற கருவி. சின்ன ட்யூப், சும்மா மேசை மேல வச்சாலே நிமிஷத்துக்கு சுமார் 20ல இருந்து 30 க்ளிக் வரும். எங்க இருந்து வருது? பாதி கதை நம்ம கால்மாட்டுலயே இருக்கு, பாறையிலயும் மண்ணுலயும் இருக்கிற யுரேனியம், தோரியம், பொட்டாசியம். மீதி ஆகாசத்துல இருந்து, விண்வெளியில இருந்து வர்ற கதிர் காத்து மண்டலத்துல மோதி மியூவான்ங்கற துகளாச் சிதறி, கடல் மட்டத்துல சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல கொட்டுது, இத நீங்க வாசிக்கும்போதே உங்க உள்ளங்கை வழியா செகண்டுக்கு ஒண்ணாவது போய்க்கிட்டுத்தான் இருக்கு. தோரியத்த எடுத்துக்கிட்டா அதோட அரை ஆயுள், அதாவது இருக்கிற அணுவுல பாதி சிதைய ஆகுற காலம், சுமார் 1400 கோடி வருஷம். ஒரு தோரியம் அணு இப்ப சிதையுமா, இன்னும் கோடி வருஷம் கழிச்சு சிதையுமான்னு சொல்ல உலகத்துல எந்தக் காரணமும் கிடையாது, அணுவுக்கு முதுமைன்னு ஒண்ணு இல்ல, நேத்து எவ்வளவு வாய்ப்போ இன்னைக்கும் அதே வாய்ப்புதான். அணுக்கருவுக்குள்ள இருக்கிற ஆல்ஃபா துகளுக்கு, அதத் தடுத்து மதில் மாதிரி நிக்கிற விசைய ஏறித் தாண்டுற அளவுக்கு ஆற்றல் கிடையாது, ஆனாலும் எப்பவாவது மதிலுக்கு அந்தப் பக்கம் வந்துருது, அதுதான் டனலிங், 1928ல ஜார்ஜ் காமோவ் சொன்னது. ஒரு க்ளிக்குக்குப் பின்னால இவ்வளவு பெரிய கத இருக்கு.

இப்ப அந்த க்ளிக்க கணியான் கூத்துல அடிக்கிற மகுடம்ங்கற தோல்வாத்தியத்துக்குக் குடுங்க. கூத்துல ரெண்டு மகுடம் உண்டுல்லா, உச்சம் ஒண்ணு, மந்தம் ஒண்ணு. ரெண்டு ட்யூப் வைங்க, இடதுபக்க ட்யூப் க்ளிக் அடிச்சா உச்ச மகுடத்துல ஒரே ஒரு தட்டு, வலதுபக்கம் அடிச்சா மந்தத்துல ஒரு தட்டு. க்ளிக் இல்லன்னா கை அந்தரத்துல நிக்கணும். கேக்க சுலபமா இருக்கும், ஆனா தலைமுறை தலைமுறையா தாளத்துல ஊறின கைக்கு இதவிடக் கஷ்டம் வேற கிடையாது. நிமிஷத்துக்கு 30 க்ளிக்னா சராசரி இடைவெளி 2 செகண்ட், ஆனா சராசரிய நம்பி கைய ஓங்கினா ஏமாந்துருவோம், ஏன்னா இடைவெளியில நூத்துக்கு 39 ஒரு செகண்டுக்குள்ளயே முடிஞ்சிரும், நூத்துக்கு 5 மட்டும் ஆறு செகண்டுக்கு மேல இழுக்கும். ரெண்டு மூணு தட்டு சடசடன்னு விழும், அப்புறம் ஒரு நீளமான வெறுமை. கேக்கிறவன் மனசு அதுல தாளத்தத் தேடும், அடிக்கிறவர் கையும் தேடும், ஆட்டம் கட்டின கலைஞரோட சலங்கைக் காலும் தேடும், கிடைக்காது. அந்தத் தேடலத்தான் நான் நிகழ்ச்சிங்கேன். கலைஞர்கள் இத ஒழுங்குபடுத்த விட்டுராதீங்க, "கொஞ்சம் நிரவி அடிங்கண்ணே"ன்னு டைரக்டரே சொன்னா அங்கனயே குவாண்டம் செத்துப்போச்சு. ஒரு பத்து நிமிஷம் இப்படி ஓடின பெறகு ட்யூப்ப நிறுத்திட்டு, மகுடக்காரர அவரு தாளத்துக்கு விட்டுருங்க, அப்ப சனங்களுக்கு மகுடமும் புதுசாக் கேக்கும்.

ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். கைகர் கவுண்டர் சத்தம் மத்த ஊர்ல வெறும் சத்தம், நம்ம மாவட்டத்துல அப்படி இல்ல. கூடங்குளத்துல உலை இருக்கு, இடிந்தகரைப் போராட்டத்துல நின்ன குடும்பத்துப் பிள்ளைய உங்க கூட்டத்துலயே உக்காந்திருக்கும். அந்த க்ளிக் அவங்களுக்கு வேற அர்த்தத்துல கேக்கும், கேக்கட்டும், அத மூடி மறைக்காதீங்க. ஆனா வாசல்லயே பெருசா எழுதி வைங்க, இங்க கேக்கிற க்ளிக் பாறையில இருந்தும் வானத்துல இருந்தும் வாரது, உலகத்துல எந்த ஊர்ல வச்சாலும் கொஞ்சம் கூடக் கொறைய இது கேக்கும்னு. இன்னொண்ணு, க்ளிக் வேகமா வரட்டும்னு கடற்கரை மணல அள்ளிட்டு வந்து வைக்கலாம்னு யாராவது ஐடியா குடுப்பாவ. மோனசைட் மணல் அணுசக்திச் சட்டத்துக்குக் கீழ வர்ற பொருள், அதத் தொடவே வேண்டாம், மெதுவான க்ளிக்தான் கூத்துக்கும் நல்லது.

அடுத்தது வில்லுப்பாட்டு. என்னையக் கேட்டா நிகழ்ச்சியோட உச்சம் இங்கதான் இருக்கணும். பின்னிப் பிணைஞ்ச துகள் அதாவது என்டாங்கிள்மென்ட்டு, எவ்வளவு தூரம் பிரிச்சு வச்சு அளந்தாலும் ரெண்டோட முடிவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற சங்கதி. அதுன்னா எல்லாரும் ஒரு காதல் ஜோடிய ரெண்டு மூலையில நிக்க வச்சு, ஒருத்தர் அழுதா இன்னொருத்தரும் அழுவுற மாதிரி ஆடிருதாவ. அது பொய், பிணைஞ்ச துகள் வழியா சேதி எதையும் அனுப்ப முடியாது. உண்மை என்னன்னா, ஜான் பெல்ங்கற இயற்பியல்காரரு 1964ல ஒரு கணக்கப் போட்டு, முன்கூட்டியே பேசி வச்சுக்கிட்டு வர்ற ரெண்டு பேரால எவ்வளவு ஒத்துப்போக முடியும்னு ஒரு எல்லை இருக்குன்னு காட்டினாரு, இயற்கை அந்த எல்லையத் தாண்டுது. இத சனங்களே ஆடிப் பாக்கிற மாதிரி வைக்கலாம், உபகரணம் ஒண்ணும் வேண்டாம், ரெண்டு காசும் வில்லுப்பாட்டுல "ஆமா" போடுற வழக்கமும் போதும்.

ஆட்டம் இப்படி. பாட்டுக்காரர் ஒரு ரூம்ல, ஆமா போடுற பின்பாட்டுக்காரர் இன்னொரு ரூம்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு மூச்சு கிடையாது. ஒவ்வொரு ரூம்லயும் ஒருத்தர் காசச் சுண்டி பூவா தலையான்னு அவருகிட்டக் காட்டுவாரு. அவரு "ஆமா" இல்லன்னா "இல்ல", ரெண்டுல ஒண்ணு சொல்லணும். ஜெயிக்கிற விதி என்னன்னா, ரெண்டு பக்கமும் பூ விழுந்தா பதில் வேற வேறயா இருக்கணும், மத்த மூணு நிலையிலயும் பதில் ஒண்ணா இருக்கணும். முன்கூட்டி எவ்வளவு வேணும்னாலும் பேசி வச்சுக்கலாம். கூட்டத்துல இருந்தும் ஆள எடுங்க, அண்ணன் தம்பி, புருஷன் பொண்டாட்டி, ரெட்டப்பிள்ளைய இருந்தா இன்னும் விசேஷம். எப்படிப் பேசி வச்சாலும் சராசரியா நாலுக்கு மூணுக்கு மேல ஜெயிக்க முடியாது. ஏன்னு ஒரு தாள்ல போட்டுப் பாருங்க: தலைக்குத் தலை ஒத்துப்போகணும், அவரு தலைக்கு இவரு பூ ஒத்துப்போகணும், அவரு பூவுக்கு இவரு தலை ஒத்துப்போகணும், இந்த மூணும் சரியா அமைஞ்சா நாலாவது நிலையான பூவுக்குப் பூவும் தானா ஒத்துப்போயிருது, ஆனா அங்கதான் ஒத்துப்போகக் கூடாது. தப்பிக்க வழியே கிடையாது. பத்து ஆட்டத்துல இது தெரியாது, குருட்டாம்போக்குல ஒம்பது கூட வந்துரும், ஆனா சாயங்காலம் முழுக்க ஆட விட்டு 100 ஆட்டத்துக்குக் கரும்பலகையில கோடு போட்டுக்கிட்டே வந்தா, நல்லாப் பேசி வச்சு ஆடினவங்களுக்கும் 75ஐ ஒட்டியே நிக்கும், நாலஞ்சு கூடவோ கொறையவோ இருக்கும்.

அப்புறம் ராத்திரி வில்லடிச்சு பாட்டுக்காரர் கதையச் சொல்லணும். 2015ல நெதர்லாந்துல டெல்ஃப்ட் நகரத்துல சுமார் 1.3 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு வைரக்கல்லு வச்சாங்க, கல்லுக்குள்ள ஆளுக்கொரு எலக்ட்ரான், ரெண்டையும் பின்னிப் பிணைச்சு அதுங்களுக்கு இதே ஆட்டம், ஒண்ணு பதில் சொல்லி முடியிறதுக்குள்ள ஒளி கூட அடுத்ததப் போய்ச் சேர முடியாது, 245 ஆட்டத்துல 196 ஜெயிச்சுது, நூத்துக்கு 80. குவாண்டம் அனுமதிக்கிற உச்சம் நூத்துக்குச் சுமார் 85, அதுக்கு மேல அதுவும் போகாது. தாங்களே 75ல முட்டி நின்னுட்டு வந்து உக்காந்திருக்கிற சனத்துக்கு இந்த 80ங்கற எண்ணு நேராப் போய் இறங்கும், எந்த லேசர் லைட்டாலயும் அத இறக்க முடியாது. இந்த வழியில முதல்ல சோதனை பண்ணின க்ளாசர், 1982ல பாரிஸ் பக்கத்துல பண்ணின ஆஸ்பே, நம்ம சிற்பி வேலை பாத்த குழுவோட ஸைலிங்கர், மூணு பேருக்கும் 2022ல நோபல் குடுத்தாங்கங்கறதையும் ஒரு அடி பாட்டுல சேத்துக்கலாம்.

உவமைப் பக்கத்துக்கு வாரேன், இத வேகமாச் சொல்லிருதேன். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் ஞாபகம் வராம இருக்காது, அதப் போய் தட்டாதீங்க, ஏற்கெனவே தட்டித் தட்டித் தேஞ்சு கிடக்கு. அதுக்குப் பதிலா ஒரு இரும்புத் தகட நடுவுல மட்டும் பிடிச்சு நிறுத்தி, அடியில ஸ்பீக்கர் குடுத்து, மேல ரவையத் தூவுங்க. சுருதிய மெதுவா ஏத்திக்கிட்டே போனா சில சுருதியில மட்டும் ரவை சட்டுனு கோலமா நிக்கும், நடுவுல உள்ள சுருதிக்கெல்லாம் ஒண்ணும் நடக்காது. க்ளாட்னி 1787லயே இத எழுதி வச்சிட்டாரு. கல்தூணும் தகடும் குவாண்டம் கிடையாது, ஆனா கட்டுப்பட்ட அலைக்கு சில நிலைதான் உண்டுங்கற இதே கணக்கத்தான் ஷ்ரோடிங்கர் 1926ல ஹைட்ரஜன் அணுவுக்குப் போட்டாரு. நம்ம சர் சி.வி. ராமனும் ஒளிச்சிதறலுக்கு முன்னாலயே, 1920ல, மிருதங்கத்துல கரணைங்கற கறுப்புப் பூச்சு இருக்கிறதாலதான் அதுக்கு இசையொத்த மேல்சுரம் கிடைக்குதுன்னு எழுதினவரு, அவருக்கு ஒரு மூலை குடுங்க. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுறவங்க ரெண்டு பேரக் கூப்பிட்டு ஒரு துளி சுருதி விலக்கி ஊதச் சொன்னா சத்தம் விம்மி விம்மி வரும், 200க்கும் 203க்கும் செகண்டுக்கு மூணு விம்மல், ரெண்டு அலை கூடுறதும் கழியறதும் காதுலயே கேக்கும். நாகஸ்வரத்துக்குப் பேர்போன காருகுறிச்சி பக்கத்துல பொறந்த சனத்துக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

லேசர் வைக்கணும்னு ஆசையா இருந்தா வைங்க. பச்சை லேசர், கால் மில்லிமீட்டர் தள்ளி ரெண்டு பிளவு, 5 மீட்டர் தள்ளி சுவர், கோடுகள் சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளியில விழும், சாம்பிராணி போட்டா ஒளி வர்ற பாதையும் தெரியும். ஆனா இதையே தாமஸ் யங் 1800களோட ஆரம்பத்துலயே பண்ணிட்டாரு, அது அலைக்குச் சாட்சி, குவாண்டத்துக்கு இல்ல. குவாண்டம் எங்க வருதுன்னா, 1989ல ஹிட்டாச்சி ஆய்வுக்கூடத்துல அகிரா தோனோமுரா குழு எலக்ட்ரான ஒண்ணொண்ணா விட்டப்ப. முதல்ல வானத்துல நட்சத்திரம் மாதிரி எங்கெங்கயோ புள்ளி விழுது, ஒரு ஒழுங்கும் தெரியாது, பல்லாயிரம் விழுந்த பெறகுதான் கோடு எழும்புது. இத ஒரு வெள்ளைச் சுவத்துல வாரவங்க எல்லாரும் ஆளுக்கொரு புள்ளியா வைக்கலாம், எங்க வைக்கணும்னு கம்ப்யூட்டர் அந்த வாய்ப்புக் கணக்குப்படி எடுத்துக் குடுக்கும், மூணு நாள் ஓடினா கோடு தானா வந்துரும். பத்தமடைப் பாயத் தொங்க விட்டு நிழல் கோடு காட்டலாம்னும் தோணும், நல்ல பாயி நெருக்கமாப் பின்னினது, வெளிச்சம் சரியாப் போகாது. ரெண்டு கொசுவலைய ஒரு முழம் தள்ளி தொங்க விடுங்க, ஆள் நடக்க நடக்க வரிகள் அலையும், செலவும் கம்மி.

எடம் பொறுத்தவரைக்கும் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துல போய்க் கேளுங்க, இல்லன்னா பள்ளிக்கூட ஹாலே போதும், காசு சுண்டுற அந்த ஆட்டத்துக்கு தனித்தனி ரூம் வேணும்லா. ஆத்தங்கரை மண்டபம் வேண்டாம், தண்ணிச் சத்தத்துல க்ளிக் அமுங்கிப்போவும். ஆடியில மேக்காத்து, ஐப்பசி கார்த்திகையில மழை, அதனால மாசியில பிப்ரவரி 28 அறிவியல் நாளு ஒரு தோது. எனக்கு இன்னொரு ஆசை உண்டு. ஏப்ரல் 14 உலக குவாண்டம் நாளு, குவாண்டத்துக்கு அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலிய எலக்ட்ரான்வோல்ட்-செகண்ட் அலகுல எழுதினா முழுமையாக்கின முதல் மூணு இலக்கம் 4.14ங்கறதால அந்தத் தேதிய எடுத்தாங்க, அது நம்ம சித்திரை ஒண்ணோட ஒட்டி வருது. பகல்ல பாவநாசத்துல விசு தீர்த்தமாடிட்டு வர்ற சனம் சாயங்காலம் இங்க வரட்டுமே.

கலைஞர்கள் சங்கதி ஒண்ணு பாக்கி. மகுடம் சுடலைமாடன் கோயில் கொடையில முழங்குற வாத்தியம், அத க்ளிக்குக்கு அடிக்கிறதுல அவங்களுக்கு மனத்தாங்கல் உண்டான்னு குழுத் தலைவரான அண்ணாவிகிட்ட முதல்லயே உக்காந்து பேசுங்க, அவரு வேண்டாம்னா வேண்டாம்தான். சம்மதிச்சா நோட்டீஸ்ல உங்க பேரு எந்த எழுத்துல போடுதீங்களோ அதே எழுத்துல அவங்க பேரும் வரணும், ஒத்திகைக்கும் சம்பளம் உண்டு, தாளம் இல்லாம அடிக்கப் பழகுறதுக்கு ஒத்திகை நிறைய ஆகும்.

ட்யூப் வாங்குறவங்களுக்கு: அதுக்கு 400 வோல்ட் மாதிரி வேணும், கூட வர்ற சின்ன போர்டே அத உண்டாக்கிக் குடுக்கும், பிளாஸ்டிக் பெட்டியில மூடி வைங்க, குழந்தைய கை எட்டாத ஒசரத்துல. லேசர் 5 மில்லிவாட்டுக்குள்ள இருக்கட்டும், யாரு கண்ணு மட்டத்துக்கும் வராம மேல இருந்து சரிச்சு சுவத்துக்கு அடிங்க. ஒத்திகைக்கு முந்தி ட்யூப்ப ஒரு ராத்திரி ஓட விட்டு உங்க ஹால்ல நிமிஷத்துக்கு எத்தன க்ளிக் வருதுன்னு எண்ணி வச்சுக்கோங்க, கருங்கல் கட்டடம்னா கொஞ்சம் கூட வரும், அதுக்குத் தக்க மகுடக்காரர்கிட்டச் சொல்லிரலாம்.